தொழிற்சாலை கேம்கள்: தொடங்குபவர்களும் பாதியில் விட்டவர்களும் கேட்கும் கேள்விகள்

இந்த கேம்களில் அப்படி என்னதான் செய்கிறோம்?

தாதுவை வெட்டுகிறோம், உருக்கித் தகடாக்குகிறோம், தகட்டைப் பல்சக்கரமாக்குகிறோம், பல்சக்கரத்தை வைத்து இன்னொரு இயந்திரம் செய்கிறோம். ஆரம்பத்தில் இதில் பெரும்பகுதி நம் கைவேலை. பிறகு கன்வேயர் பெல்ட் வருகிறது. பெல்ட்டிலிருந்து பொருளை எடுத்து இயந்திரத்துக்குள் போடும் இன்செர்ட்டர் வருகிறது. பொருளைத் தானே செய்துகொள்ளும் அசெம்பிளர் வருகிறது. அதற்குப் பிறகு நாம் பொருள் செய்வதில்லை, பொருள் தானாக உருவாகும் ஏற்பாட்டைச் செய்கிறோம். இன்னும் கொஞ்சம் போனால் அந்த ஏற்பாட்டையே கட்டித்தரும் ரோபோக்களைச் செய்கிறோம்.

இதை ஒரு தனி வகையாக நிலைநிறுத்தியது ஃபேக்டோரியோ. செக் நாட்டின் பிராக் நகரத்து வூப் நிறுவனத்தின் கேம். 2013இல் இணையத்தில் பொதுமக்களிடம் நிதி திரட்டினார்கள், 1.0 பதிப்பு 2020 ஆகஸ்ட் 14 அன்று வந்தது. மைன்கிராஃப்டுக்காக ரசிகர்கள் எழுதிய இயந்திர மோட்களிலிருந்து பிறந்த யோசனை அது.

எதில் தொடங்கலாம்?

உங்களுக்கு எது பிடிக்கும் என்பதைப் பொறுத்தது. மேலிருந்து முழுத் தொழிற்சாலையையும் ஒரே பார்வையில் பார்க்க வேண்டுமென்றால் ஃபேக்டோரியோ. இலவச டெமோ இருக்கிறது. அதை முடித்த பிறகும் கை பரபரத்தால் மட்டும் வாங்குங்கள். தள்ளுபடிக்காகக் காத்திருக்க வேண்டாம், அதற்குத் தள்ளுபடி தருவதில்லை என்பதை வூப் ஒரு கொள்கையாகவே வைத்திருக்கிறது.

இயந்திரங்களுக்கு நடுவே நடந்து, அண்ணாந்து பார்த்து, மாடி மேல் மாடி கட்டிப் போக ஆசை என்றால் சாட்டிஸ்ஃபாக்டரி. சுவீடனின் காஃபி ஸ்டெயின் நிறுவனம் 2019 மார்ச்சில் முன்னோட்டமாக வெளியிட்டு, 2024 செப்டம்பரில் 1.0 ஆக்கியது. அதில் தாது தீர்ந்துபோகாது என்பது புதியவருக்குப் பெரிய நிம்மதி. சீனாவின் யூத்கேட் உருவாக்கிய டைசன் ஸ்பியர் புரோகிராம் 2021 முதல் கிடைக்கிறது. கோள் விட்டுக் கோள் பொருள் அனுப்பி, கடைசியில் ஒரு விண்மீனைச் சுற்றியே கூடு கட்டும் கேம்.

எதிரியும் வேண்டாம், மூலப்பொருள் தீரும் கவலையும் வேண்டாம் என்பவர்களுக்கு ஷேப்ஸ். வட்டத்தையும் சதுரத்தையும் வெட்டி, திருப்பி, சாயம் பூசி, அடுக்கி அனுப்புவதுதான் மொத்த வேலை. கோட்டையைக் காத்துக்கொண்டே தொழிற்சாலை நடத்த விரும்பினால் மைண்டஸ்ட்ரி, அது திறமூல மென்பொருள். ஒரு மாலையில் ஒரு புதிரை முடித்துவிட்டு எழ நினைப்பவருக்கு ஸாக்ட்ரானிக்ஸ் 2015இல் வெளியிட்ட இன்ஃபினிஃபேக்டரி.

என்னைக் கேட்டால், முதல் கேமுக்கு ஃபேக்டோரியோதான். தோல்விக்கான காரணத்தை இவ்வளவு தெளிவாகத் திரையிலேயே காட்டும் கேம் வேறில்லை.

கணக்கில் நான் சுமார். எனக்குச் சரிப்படுமா?

வகுத்தல் தெரிந்தால் போதும். சாட்டிஸ்ஃபாக்டரியின் ஆரம்பக் கணக்கு ஒன்றைப் பார்ப்போம். வலுவூட்டிய இரும்புத் தகடு செய்யும் ஒரு அசெம்பிளர் நிமிடத்துக்கு 5 தகடு தரும். அதற்கு நிமிடத்துக்கு 30 சாதாரணத் தகடும் 60 திருகாணியும் வேண்டும். 30 தகட்டுக்கு 45 இரும்புப் பாளம். 60 திருகாணிக்கு 15 கம்பி, அதற்கு 15 பாளம். ஆக மொத்தம் 60 பாளம், அதாவது 60 தாது. முதல் நிலை பெல்ட் நிமிடத்துக்குச் சரியாக 60 பொருள்தான் சுமக்கும். ஒரு பெல்ட் முழுவதும் ஒரே அசெம்பிளருக்குப் போய்விடுகிறது. இதை ஒரு தாளில் எழுதிப் பார்த்த அன்றைக்கே, கேம் எவ்வளவு பெரிதாகப் போகிறது என்று புரிந்துவிடும்.

ஃபேக்டோரியோவில் இதே மாதிரி நாலைந்து எண்கள் போதும். தாமிரக் கம்பிக்கு 3 அசெம்பிளர் வைத்தால் பச்சை சர்க்கியூட்டுக்கு 2. ஒரு பல்சக்கர அசெம்பிளர் சிவப்பு அறிவியல் (புதிய தொழில்நுட்பங்களைத் திறக்கச் செலவாகும் பொருளுக்கு இங்கே அறிவியல் என்று பெயர்) செய்யும் 10 அசெம்பிளருக்கு ஈடுகொடுக்கும். மஞ்சள் பெல்ட் நொடிக்கு 15 பொருள். அதை முழுதாக நிரப்ப 48 கல் உலை. ஒரு கொதிகலனுக்கு 2 நீராவி இயந்திரம்.

கடைசி எண்ணில் ஒரு எச்சரிக்கை. ஒரு நீர் பம்புக்கு 20 கொதிகலன், 40 நீராவி இயந்திரம் என்று பழைய வழிகாட்டிகள் சொல்லும். 2024 அக்டோபரில் வந்த 2.0 பதிப்பில் நீரும் நீராவியும் கணக்கிடப்படும் முறை மாறிவிட்டது, இப்போது ஒரே பம்ப் 200 கொதிகலனைத் தாங்கும். வழிகாட்டியைப் படிக்கும் முன் அது எந்த ஆண்டு எழுதப்பட்டது என்று பாருங்கள்.

இந்த எண்கள் எதுவும் தெரியாமல் முதல் ராக்கெட்டை ஏவி வெற்றி பெறும் வரை போய்விடலாம் என்பதும் உண்மை. போதவில்லை என்றால் இன்னொன்று வைக்க வேண்டியதுதான்.

பிறகு ஏன் எல்லோரும் கடினம் என்கிறார்கள்?

இங்கே கற்றல் ஒரே சீராக ஏறுவதில்லை. கொஞ்ச தூரம் சமதரை, திடீரென்று ஒரு சுவர். அதை ஏறினால் மறுபடி சமதரை. ஒவ்வொரு சுவரும் ஒரே காரணத்தால்தான் எழுகிறது: அதுவரை நன்றாக வேலை செய்த முறை அந்த அளவுக்குமேல் தாங்காது.

முதல் சுவர் கையை எடுக்க மனம் வராதது. பெல்ட்டும் இன்செர்ட்டரும் செய்யத் தெரிந்த பிறகும் ‘இப்போதைக்கு இருபது வேண்டும், கையால் செய்துகொள்கிறேன்’ என்று தோன்றும். அந்த இருபது நூறாகும்போது தொழிற்சாலை நமக்காகக் காத்துக்கொண்டிருக்கும், நாம் அதற்காக ஓடிக்கொண்டிருப்போம். தொழிற்சாலை வளரத் தேவையான பொருள்களையே தொழிற்சாலை செய்யட்டும் என்று பெல்ட்டுக்கு ஒன்று, இன்செர்ட்டருக்கு ஒன்று, அசெம்பிளருக்கு ஒன்று வைத்து, ஒவ்வொன்றின் முன்னும் ஒரு பெட்டியை நிறுத்திவிட்டால் இந்தச் சுவர் தீர்ந்தது. கையால் 111 பொருளுக்குமேல் செய்யாமல் ராக்கெட் ஏவுபவருக்கு ஃபேக்டோரியோவில் ‘சோம்பேறி’ என்ற வசையே விருதாகக் கிடைக்கிறது.

பெட்டி வைக்கும்போது எத்தனை இடம் நிரம்பினால் போதும் என்று வரம்பு போடுங்கள். இரும்புப் பெட்டியில் 32 இடம், ஒவ்வொன்றிலும் 100 பெல்ட். வரம்பு போடாவிட்டால் 3,200 பெல்ட் சேரும்வரை அது நிற்காது. அதற்குள் 4,800 இரும்புத் தகடு சத்தமில்லாமல் போயிருக்கும்.

இரண்டாவது சுவர் இடம். முதல் தொழிற்சாலையை எல்லோரும் நெருக்கித்தான் கட்டுவார்கள். மூன்றாவது வகை அறிவியல் வரும்போது பெல்ட்டை நுழைக்கச் சந்து இருக்காது. மூன்றாவது, ஒன்றைச் செய்தால் வேண்டாத இன்னொன்றும் சேர்ந்து வரும் கட்டம். இதற்குக் கீழே தனிக் கேள்வி இருக்கிறது. நான்காவது தூரம். அருகிலிருந்த தாது தீர்ந்து, ரயில் போட வேண்டிய நேரம்.

சுவரில் முட்டி நிற்பவர்கள் தங்களுக்குத் திறமை இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்த இடத்தில் முட்டத்தான் வேண்டும். கேம் அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது.

எல்லா இயந்திரமும் ஓடுகிறது. ஆனால் கடைசிப் பொருள் சொட்டு சொட்டாகத்தான் வருகிறது. எங்கே பார்ப்பது?

இந்த ஒரு கேள்விக்கு விடை தேடும் பழக்கம் வந்துவிட்டால் மற்ற எல்லாம் தானாக வரும். அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

கடைசி இயந்திரத்தின் முன் போய் நில்லுங்கள். அதன் நிலை மூன்றில் ஒன்றாக இருக்கும். உள்ளே வரும் பொருள் போதாமல் நிற்கிறது. அல்லது, வெளியே போக வழியில்லாமல் நிற்கிறது. அல்லது ஓய்வில்லாமல் ஓடுகிறது, ஆனாலும் போதவில்லை. மூன்றாவது என்றால் பக்கத்தில் இன்னொன்று வைத்தால் முடிந்தது. இரண்டாவது என்றால் பொருள் போகும் திசையில் நடங்கள், எங்கோ அடைத்திருக்கிறது. முதலாவது என்றால் எந்தப் பொருள் குறைகிறது என்று பார்த்து, அது வரும் வழியே எதிர்த்திசையில் நடங்கள். வழியில் பார்க்கும் ஒவ்வொரு இயந்திரத்திடமும் இதே மூன்று கேள்வி.

நடக்கும்போது கண் வைக்க வேண்டியது பெல்ட்டின் மீது. பொருள் நெருக்கியடித்து அசையாமல் நிற்கும் பெல்ட் ஆரோக்கியமானது, அங்கே தேவைக்குமேல் இருக்கிறது என்று பொருள். இடைவெளி விட்டு வேகமாக ஓடும் பெல்ட்தான் பசியோடு இருக்கிறது. புதியவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகப் படிக்கிறார்கள். ஓடுவதைப் பார்த்து நிம்மதியாகி, நிற்பதைப் பார்த்துப் பதறுகிறார்கள். நெருக்கமாக நின்ற பெல்ட் எந்த இடத்தில் இடைவெளி விட ஆரம்பிக்கிறதோ அந்த இடத்தில்தான் கோளாறு.

அங்கே என்ன இருக்கலாம்? மின்சாரம் குறைந்து எல்லாமே மெதுவாக ஓடலாம், அதை முதலிலேயே பார்த்துவிடுங்கள். சிவப்பு பெல்ட்டுக்கு நடுவே மறந்துபோய் வைத்த ஒரே ஒரு மஞ்சள் துண்டு இருக்கலாம், நொடிக்கு 30 போக வேண்டியது 15 ஆகிவிடும். பெல்ட்டுக்கு இரண்டு ஓரம் உண்டு. இன்செர்ட்டர் எப்போதும் தனக்கு எதிர் ஓரத்தில்தான் வைக்கும். எல்லா இன்செர்ட்டரும் ஒரே பக்கம் நின்றால் பாதி பெல்ட் காலியாகவே ஓடும். சில சமயம் நாமே வழிமாறிப் போட்ட ஒற்றைத் தாமிரத் தகடு இரும்பு பெல்ட்டின் முனையில் உட்கார்ந்துகொண்டு முழு வரிசையையும் நிறுத்தியிருக்கும்.

சேமிப்பும் கண்ணைக் கட்டும். மஞ்சள் பெல்ட்டின் ஒரு கட்டத்தில் 8 பொருள் நிற்கும், 100 கட்ட நீளத்தில் 800. தாது வருவது நின்ற பிறகும் அந்த 800 தீரும்வரை எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும். பெரிய பெட்டிகள் நடுவில் இருந்தால் நிலைமை இன்னும் மோசம், கோளாறு தொடங்கியதற்கும் அது தெரியவருவதற்கும் இடையே ஒரு மணி நேரம்கூடப் போகலாம். அதனால்தான் அனுபவசாலிகள் நடுவழியில் பெட்டி வைக்க யோசிப்பார்கள்.

எண்ணெய் வந்ததும் நிறுத்திவிட்டேன். எனக்கு மட்டும்தானா இப்படி?

இல்லை. ஃபேக்டோரியோவை விட்டவர்களில் பலர் அங்கேதான் விட்டிருக்கிறார்கள். அதுவரை ஒரு செய்முறைக்கு ஒரே விளைபொருள். மேம்பட்ட எண்ணெய்ச் சுத்திகரிப்பில் 100 கச்சா எண்ணெயும் 50 நீரும் போட்டால் 25 கன எண்ணெய், 45 இலகு எண்ணெய், 55 பெட்ரோலிய வாயு என்று மூன்று வரும். பிளாஸ்டிக்குக்கும் கந்தகத்துக்கும் வேண்டியது வாயு மட்டும். கன எண்ணெய் தொட்டி நிரம்பியதும் சுத்திகரிப்பு நின்றுவிடும். வாயு தீர்ந்துகொண்டே இருக்க, எண்ணெய் வழிய வழிய இருக்க, தொழிற்சாலை மூச்சடைத்து நிற்கும்.

தீர்வு, கன எண்ணெயை இலகுவாகவும் இலகுவை வாயுவாகவும் உடைப்பது. கன எண்ணெய்த் தொட்டியிலிருந்து உடைக்கும் ஆலைக்குப் போகும் குழாயில் ஒரு பம்ப் வையுங்கள். தொட்டியில் இத்தனைக்கு மேல் இருந்தால் மட்டும் ஓடு என்று ஒரு கம்பி இணைப்பில் சொல்லிவிடுங்கள். இலகு எண்ணெய்க்கும் அப்படியே. மசகெண்ணெய்க்குக் கன எண்ணெய் மிஞ்சும், ஆலையும் நிற்காது.

இரண்டு பம்ப், இரண்டு நிபந்தனை, அவ்வளவுதான். ஆனால் இதற்கு முன் நாம் கட்டியவை எல்லாம் வெறும் வரிசைகள். தன் நிலையைத் தானே பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும் ஏற்பாடு ஒன்றை முதன்முதலாக இங்கேதான் கட்டுகிறோம். அது வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கும் சில நிமிடங்கள் இருக்கிறதே, ராக்கெட் ஏவியதைவிட எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது.

ரயில் சிக்னல் புரியவே இல்லை.

சந்திப்புக்குள் நுழையும் இடத்தில் செயின் சிக்னல் (அடுத்த சிக்னலும் திறந்திருந்தால் மட்டும் ரயிலை உள்ளே விடுவது), வெளியேறும் இடத்தில் சாதாரண சிக்னல். வெளியேறும் சிக்னலுக்கு அப்பால் ஒரு முழு ரயில் நிற்க இடம். நூறில் தொண்ணூறு சிக்கலுக்கு இது போதும். ஏன் என்பது இரண்டு ரயில் முட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்த பிறகு தானாகப் புரியும்.

என் தொழிற்சாலை நூல்கண்டு சிக்கியதுபோல இருக்கிறது. இடித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கட்டுமா?

வேண்டாம். இந்த வட்டாரத்தில் ஸ்பகெட்டி என்று சொல்வார்கள், பாதிக் கேலியும் பாதிப் பெருமையுமாக. ஓடுகிற தொழிற்சாலையை இடித்தால் புதியதைக் கட்டப் பொருள் எங்கிருந்து வரும்? பழையதை அப்படியே ஓடவிட்டு, கொஞ்சம் தள்ளி வெட்டவெளியில் அடுத்ததைக் கட்டுங்கள். இரும்பு, தாமிரம், சர்க்கியூட், எஃகு எல்லாம் இணையாக ஓடும் ஒரு முதுகெலும்பு வரிசை போட்டு, வேண்டிய இடத்தில் கிளை பிரித்துக்கொள்வது பெரும்பாலானவர்களின் இரண்டாவது தொழிற்சாலை. மெயின் பஸ் என்பது இதைத்தான். பார்க்க ஒழுங்காக இருக்கும், கட்டவும் எளிது. எனக்கு அது கொஞ்சம் சலிப்பு. எந்தத் தொழிற்சாலை யாருடையது என்றே தெரியாத அளவுக்கு எல்லாம் ஒரே மாதிரி ஆகிவிடுகின்றன.

மற்றவர்களின் ப்ளூபிரிண்டை, அதாவது அவர்கள் சேமித்துப் பகிர்ந்த கட்டுமான அமைப்பை, இறக்கிப் பயன்படுத்தலாமா?

தாராளமாக, இரண்டாம் முறை ஆடும்போது. முதல் முறை இறக்கினால், மேலே சொன்ன தேடல் எதுவும் உங்களுக்கு வாய்க்காது. அது நின்றுபோனால் ஏன் நின்றது என்றும் தெரியாது. பல பாதைகளைச் சமமாகப் பிரிக்கும் பேலன்சரை மட்டும் விதிவிலக்காக வைத்துக்கொள்ளலாம். அதைச் சொந்தமாகக் கண்டுபிடிப்பது வேறொரு பைத்தியம்.

ஃபேக்டோரியோவில் தாக்க வரும் பூச்சிகளை அணைத்துவிட்டு ஆடினால் ஏமாற்று வேலையா?

இல்லை. அமைப்புகளிலேயே தரப்பட்டிருக்கிறது, அணைத்துவிடுங்கள். ஆனால் அவை இருப்பதில் ஒரு நியாயம் உண்டு. தொழிற்சாலையின் புகை பரவிப் பூச்சிக் கூடுகளைத் தொடும்போதுதான் அவை படையெடுக்கின்றன, மரங்கள் அந்தப் புகையை உறிஞ்சுகின்றன. காட்டை வெட்டித் தள்ளியவர் அதன் விலையைச் சுவர்களாகக் கட்ட வேண்டியிருக்கும்.

மென்பொருள் ஆட்களுக்கு மட்டும்தான் இது பிடிக்குமா? வேலைக்கு ஏதாவது உதவுமா?

அவர்களுக்குச் சற்று அதிகமாகவே பிடிக்கிறது. ஷாப்பிஃபை நிறுவனத் தலைவர் டோபி லுட்கே தம் ஊழியர்கள் ஃபேக்டோரியோவை நிறுவனச் செலவில் வாங்கிக்கொள்ளலாம் என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். வரிசை, தேக்கம், பூட்டிக்கொள்ளுதல், ஒரு இடத்தின் மெத்தனம் அதற்கு முன்னுள்ள எல்லாவற்றையும் நிறுத்துவது என்று சர்வர்களில் நடப்பது அத்தனையும் இங்கே பெல்ட்டின் மேல் கண்ணுக்குத் தெரியும்.

அதற்காக இதை ஆடினால் ஆலை நடத்தத் தெரிந்துவிடும் என்று நம்ப வேண்டாம். இந்த இயந்திரங்கள் தேய்வதில்லை, பழுதாவதில்லை. தொழிலாளி என்று ஒருவரும் இல்லை. செய்த பொருளுக்குக் கிராக்கி குறைவதே இல்லை. நிஜ ஆலையில் பாதித் தலைவலி இவைதான். அளவிடாமல் ஊகிக்கும் பழக்கம் குறையும், அது உண்மை. எனக்குத் தெரிந்து, நுழைந்ததும் நன்றாக ஆடுபவர்கள் கணினிக்காரர்கள் அல்ல, எதையும் கழற்றிப் பார்க்கும் குணமுள்ளவர்கள்.

நேரத்தை விழுங்கிவிடுமா?

ஆம். இதில் பூசி மெழுக ஒன்றுமில்லை. ஒன்றைச் சரிசெய்தால் அடுத்த பற்றாக்குறை கண்ணில் படும், அது பத்து நிமிட வேலை போலவே தோன்றும். கட்டம் முடிந்தது, நிறுத்திக்கொள் என்று கேம் ஒருபோதும் சொல்லாது. ஃபேக்டோரியோவில் 8 மணி நேரத்துக்குள் ராக்கெட் ஏவுபவருக்குத் தனி விருது உண்டு, அது பழகியவர்களுக்கான சவால். முதல் முறை ஆடுபவருக்கு அதைப்போல் பல மடங்கு ஆகும். எழும் நேரத்தை உட்காரும் முன்பே முடிவுசெய்துகொண்டு, அலாரம் வைத்துவிட்டு ஆடுவது ஒன்றே எனக்குத் தெரிந்த வழி. தேர்வோ கைக்குழந்தையோ இருக்கும் காலத்தில் தொடங்காதீர்கள்.

நண்பர்களோடு சேர்ந்து ஆடலாமா?

ஆடலாம், அருமையாக இருக்கும். ஒருவர் மின்சாரம், ஒருவர் ரயில் என்று பிரித்துக்கொள்ளுங்கள். நிறைய மணி நேரம் ஏற்கெனவே ஆடிய நண்பர் உடன் இருந்தால் மட்டும் கவனம். நீங்கள் யோசித்து முடிப்பதற்குள் அவர் கட்டி முடித்திருப்பார்.

இதற்கு முடிவு உண்டா?

உண்டு, இல்லாமலும் இருக்கலாம். மூல ஃபேக்டோரியோவில் ராக்கெட் ஏவினால் வெற்றி. 2024இல் வந்த ஸ்பேஸ் ஏஜ் தொகுப்பு வைத்திருந்தால் ராக்கெட் ஏவியதும்தான் கதை தொடங்குகிறது. எரிமலைக் கோளான வல்கனஸ், குப்பையைப் பிரித்தே பிழைக்க வேண்டிய ஃபுல்கோரா, செய்த பொருள் அழுகிப்போகும் க்ளேபா, உறைபனி அக்விலோ என்று நான்கு கோள்கள். ஒவ்வொன்றும் நீங்கள் பழகிய ஏதாவதொரு முறையைச் செல்லாததாக்கும். க்ளேபாவை வெறுப்பவர்கள் நிறைய. எனக்குப் பிடிக்கும், பொருளைத் தேக்கி வைக்கும் பழக்கத்தைக் கைவிடச் சொல்லும் கோள் அது. சாட்டிஸ்ஃபாக்டரியில் விண்வெளித் தூக்கியின் ஐந்து கட்டங்களுக்கும் பொருள் அனுப்பி முடித்தால் கதை முடியும். ஃபேக்டோரியோவில் வெற்றிக்குப் பிறகும் நிமிடத்துக்கு ஆயிரம் அறிவியல், பத்தாயிரம் அறிவியல் என்று கட்டிக்கொண்டே போகிறவர்கள் உண்டு.

சில மாதம் கழித்துப் பழைய சேமிப்பைத் திறந்தால் ஒன்றுமே நினைவில்லை. என்ன செய்வது?

எதையும் தொடாதீர்கள், முதலில் சுற்றி நடந்து பாருங்கள். மின்சாரம் எங்கிருந்து வருகிறது, தாது எவ்வளவு மிச்சம், எந்த அறிவியல் நின்றிருக்கிறது என்று மூன்றைப் பார்த்தால் கால்வாசி நினைவு வந்துவிடும். பிறகு உற்பத்திப் புள்ளிவிவரத் திரையைத் திறந்து, எந்தப் பொருள் ஆவதைவிட அதிகமாகச் செலவாகிறது என்று பார்த்து, அந்த ஒன்றிலிருந்து தொடங்குங்கள். அடுத்த முறை மூடும் முன், செய்துகொண்டிருந்த வேலையை வரைபடத்திலேயே ஒரு குறிச்சீட்டாக ஒட்டிவிடுங்கள். ‘இங்கே எஃகு போதவில்லை’ என்று மூன்று சொல் இருந்தாலே போதும்.